எழுந்திருக்க மறுத்த பிணங்கள்

விடிவதற்குள் சுண்ணாம்புக் குழியில் இறங்கிவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் அதிலிருந்து கிளம்பும் காரம் கண்ணைத் திறக்க விடாது. மாசிப் பனியில் தொடைவரை வெள்ளைத் தண்ணீரில் நின்றுகொண்டு, ஊறிக் கிடக்கும் மாட்டுத்தோலைக் கொக்கி போட்டு இழுத்துப் புரட்ட வேண்டும். ஈரத்தோல் லேசில் அசைந்து கொடுக்காது. கால்விரல் இடுக்கில் வெடிப்பு இல்லாத ஆள் தோல் பதனிடும் எங்கள் டேனரியில் கிடையாது. வெடிப்புக்குள் சுண்ணாம்பு இறங்கும்போது புதிதாக வந்தவன் அலறுவான், பழகியவன் பீடி கேட்பான். நான் பீடி கேட்கிற ரகம். பெயர் வீரபாகு.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி இருந்தது எங்கள் டேனரி. முதலாளி வேதாசலம். நாங்கள் குழியில் நிற்கிற நேரத்தில் பெண்கள் பச்சைத்தோல் கிடங்கில் கட்டுப் பிரித்துக்கொண்டிருப்பார்கள். உப்புப் போட்டு மடித்து வந்த தோலை விரித்து உதறுவார்கள். உப்பும் மயிரும் காய்ந்த ரத்தமும் புழுதியாக எழும்பும். முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொள்வதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே பாதுகாப்பு. கையுறை கேட்டால், "கல்யாணத்துக்கா போற?" என்பார் முதலாளி. எங்களைச் சிரிக்கவைத்தே காரியத்தை முடித்துக்கொள்கிற மனுஷன் அவர். நாங்களும் சிரித்துத் தொலைப்போம்.

அந்த வருஷம், அதாவது எண்பத்து மூன்றில், பொங்கலிலிருந்தே வேலை கம்மி. ஏற்றுமதி படுத்துவிட்டது என்று வாரத்தில் பாதி நாள் கேட்டைச் சாத்தினார்கள். கூலியும் பாதியானது. அடுப்பு மட்டும் பாதி எரிந்தால் போதும் என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில்தான் சென்னையிலிருந்து சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது.

'கறுப்புக் காய்ச்சல்' என்று ஒரு திகில் படம். முந்தின வருஷம் எங்கள் ஊர்க் கொட்டகையில் ஓடு ஓடென்று ஓடியது. ஏதோ ஒரு வைரஸ் கிருமி, பட்ட இடமெல்லாம் கறுத்துப்போய் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் சாவார்கள். கடைசியில் கதாநாயகன் கிருமி இருந்த பெட்டியை மண்ணில் புதைத்து மூடுவான், கொட்டகையே விசிலடிக்கும். இப்போது எடுப்பது இரண்டாம் பாகம். புதைத்த பெட்டியைப் பேராசைக்காரன் ஒருவன் தோண்டி எடுக்கிறான், நோய் திரும்பி வருகிறது.

டைரக்டர் பரந்தாமன் எங்கள் டேனரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டே மகிழ்ந்து போனார்.

"இந்த நாத்தத்துக்கே ஜனங்க பயந்துடுவாங்க."

"நாத்தம் படத்துல வராது சார்," என்றார் மஹபூப் பாஷா. தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் ஓட்டுகிறவர், எங்கள் சங்கத்துக்குத் தலைவர். "அது எங்களுக்கு மட்டும்தான்."

செத்துக் கிடக்க ஆட்கள் வேண்டும் என்று டைரக்டர் கேட்க, எங்களை முதலாளியே சிபாரிசு செய்தார். மேக்கப் செலவுகூட ஜாஸ்தி ஆகாது என்றாராம். மத்தியானம் பிரியாணி உண்டு என்றதும் நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு ஒப்புக்கொண்டோம். ஆம்பூரில் பிணத்துக்கும் பிரியாணி!

ஆனால் ஷூட்டிங்குக்கு வாடகை வாங்கினாலும் கிடங்கு வேலை நிற்கக் கூடாது என்பது முதலாளியின் கண்டிஷன். மறுநாள் கிடங்குக்குள்ளேயே படம் எடுக்கப் போகிறார்கள், அதற்குள் அதைக் காலி செய்ய வேண்டும். ஆகவே பெண்கள் கொஞ்ச நேரம் கட்டுப் பிரிப்பதும், கூப்பிட்டால் ஓடிவந்து பிணமாகப் படுப்பதும், மறுபடி கட்டுக்கு ஓடுவதுமாக இருந்தார்கள்.

அந்தக் கட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின வாரம் ஆந்திரா பக்கமிருந்து வந்த சரக்கு, அடிமாட்டு விலைக்கும் கீழே. அறுத்த மாட்டின் தோல் உள்பக்கம் வெளுப்பாக இருக்கும். இது ரத்தம் வடியாமல் நரம்பெல்லாம் கறுத்துக் கிடந்தது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும், முதலாளிக்கும் தெரியும். கிடங்கில் வேலை செய்யும் பூரணிதான் வாய் திறந்து கேட்டாள்.

"இது நோவு வந்து செத்த மாட்டுத் தோலு மாதிரி கீது மொதலாளி."

"மாடுன்னா சாவாம? உயிரோட இருக்கற மாட்டுலயா தோலுரிப்பாங்க?"

வழக்கம்போல எல்லோரும் சிரித்தார்கள். பூரணி சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் இருந்தது. எமர்ஜென்சி சமயத்தில் இதே மாதிரி ஒரு சரக்கு வந்தது. அவள் புருஷன் பச்சையப்பன் அந்தத் தோலைத் தோளில் போட்டுச் சுமந்தான். கழுத்தில் ஒரு கொப்புளம் வந்து நடுவில் கரியாகக் கறுத்தது. வலியே இல்லை என்று வேலைக்கு வந்துகொண்டிருந்தான். கழுத்து வீங்கி மூச்சு அடைக்கிறபோதுதான் தூக்கிக்கொண்டு ஓடினோம். கூடவே வந்த முதலாளியின் ஆள், முள் குத்தி சீழ் வைத்துவிட்டது என்று டாக்டரிடம் சொன்னான். டாக்டர் அதற்கு மருந்து கொடுத்தார். பச்சையப்பன் செத்தான், அவனோடு கட்டுத் தூக்கிய இன்னும் சிலரும் செத்தார்கள். அது மாட்டுக்கு வருகிற அடைப்பான் நோய், தோலிலிருந்து மனுஷனுக்கும் வரும் என்று பிறகுதான் தெரிந்தது. அப்போது பாஷா பாய் ஜெயிலில் இருந்தார். சங்க ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. கேட்க நாதியில்லை. அந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

ஷூட்டிங் அன்று காலையில் புளியமரத்தடியில் எங்களுக்கு மேக்கப். மேக்கப்காரர் தணிகைவேல் சோளிங்கர்க்காரர், நல்ல மாதிரி. கோந்தையும் கரியையும் சிவப்பு மையையும் குழைத்து, கையிலும் கழுத்திலும் கறுப்புப் புண் செய்தார். அவரும் அவருடைய உதவியாட்களும் ஆளுக்கொரு பக்கம் பூசித் தள்ளினார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது.

கிடங்கிலிருந்து கடைசியாக ஓடி வந்தாள் அமிர்தவள்ளி. பச்சையப்பனின் தங்கை, பூரணிக்கு நாத்தனார். அண்ணன் செத்த பிறகு அண்ணியும் நாத்தனாரும் ஒரே அடுப்பில் பொங்கிச் சாப்பிட்டு வந்தார்கள். தணிகைவேல் அவள் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். முழங்கைக்குக் கீழே நட்ட நடுவில் கரிக்கட்டை மாதிரி ஒரு கறுப்பு, அதைச் சுற்றி முத்து முத்தாகக் கொப்புளம், சுற்றிலும் வீக்கம்.

"அடடே, யாரும்மா இதப் போட்டது? நம்ம பசங்க கை தேறிடுச்சே!"

அமிர்தவள்ளி ஒரு கணம் விழித்தாள். இரண்டொரு நாளாகவே துணி கட்டி மறைத்திருந்த புண் அது, கட்டுப் பிரிக்கும்போது துணி அவிழ்ந்து விழுந்துவிட்டது. நிஜப் புண் என்றால் விரட்டிவிடுவார்கள், அன்றைய கூலியும் போகும், பிரியாணியும் போகும் என்று அவளுக்குப் பயம்.

"ஆமா சார். அவங்கதான் போட்டாங்க," என்றாள்.

பதனிடும் மரப்பட்டையைக் காயப்போடும் களத்தில் எங்களை வரிசை தப்பிப் படுக்கப் போட்டார்கள். எனக்குப் பக்கத்தில் அவள். காமிரா ஒவ்வொருவர் மேலாகவும் ஊர்ந்து வந்து அவள் கையருகே நின்றுவிட்டது. டைரக்டர் மண்டியிட்டுக் குனிந்தார்.

"இதான்யா வேணும்! இந்தக் கைய இன்னும் கிட்டப் போயி எடு. நிஜமாட்டமே இருக்கு!"

பாராட்டைக் கேட்டு, செத்துக் கிடந்த அமிர்தவள்ளியின் உதட்டில் லேசாகச் சிரிப்பு வந்தது. "பொணம் சிரிக்குது, ஒன்ஸ் மோர்!" என்று கத்தினார்கள். எல்லோரும் சிரித்தோம்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவி மேக்கப்பைத் துடைத்துக்கொண்டோம். எல்லோருடைய நோயும் துணியோடு போனது. அமிர்தவள்ளியுடையது போகவில்லை. தணிகைவேலே வந்து அழுத்தித் துடைத்தார்.

"வலிக்குதாம்மா?"

"இல்ல சார். தொடறதே தெரியல."

இலையைக் கையில் ஏந்தி வந்துகொண்டிருந்த பூரணி அப்படியே நின்றாள். இலை கீழே விழுந்தது. ஓடிவந்து நாத்தனாரின் கையை வெயிலில் தூக்கிப் பார்த்தாள்.

"பாய்! இங்க வாங்க பாய்! எங்க ஊட்டுக்காரர் கழுத்துல வந்ததேதான் இது!"

மஹபூப் பாஷா வந்து பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"அடைப்பான்," என்றார்.

அந்தச் சொல் பந்தி முழுக்கப் பரவியது. பிரியாணிக்காக நாக்கைத் தொங்கப் போட்டிருந்த நாங்கள் ஒரு கவளம் எடுக்கவில்லை. தணிகைவேல் தன் கையையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பூசுனது இல்லம்மா இது," என்றார் அழுகிற குரலில்.

கூட்டமாக ஆபீசுக்குப் போனோம். முதலாளியும் டைரக்டரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாய்யா, பொணமெல்லாம் ஊர்வலம் வருது?" என்றார் முதலாளி.

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. பாஷா பாய் அமிர்தவள்ளியை முன்னால் நிறுத்தினார். முதலாளி அந்தக் கையைப் பார்த்தார். அவருக்கு அடையாளம் தெரிந்தது. தெரிந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"மேக்கப்பு ஒத்துக்கல. எண்ண தடவு, போயிடும்."

"இவங்களுக்கு நாங்க மேக்கப்பே போடல சார்," என்றார் தணிகைவேல். "இப்பத்தான் எங்க ஆளுங்களக் கேட்டேன்."

"உன் வேலயப் பாருய்யா. முள்ளு கிள்ளு குத்தியிருக்கும். சாயங்காலம் ஷூட்டிங் முடியட்டும், நானே டாக்டர வரவழைக்கறேன்."

"போன தடவையும் முள்ளுதான் குத்துச்சு மொதலாளி," என்றாள் பூரணி. "தோல் கிடங்குல கழுத்துல குத்தற முள்ளு எங்கேந்து வந்துச்சுன்னு அப்ப நான் கேக்கல. இப்பக் கேக்கறேன்."

டைரக்டர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். "இது தொத்துமா?"

"பயப்படாதீங்க சார்," என்றார் பாஷா பாய். "உங்க படத்துல வர்ற மாதிரி ஆளுக்கு ஆளு தொத்தாது. தோலத் தொடறவங்களுக்குத்தான் வரும். முதலாளி தொடமாட்டாரு."

"பாஷா, நீ சங்கம் பேசறதுக்கு நேரம் பாத்தியா? வெளிய ஒரு வார்த்த போச்சுன்னா என் சரக்க எவன் வாங்குவான்? கம்பெனி மூடுனா உங்க வாயிலயும் மண்ணுதான்."

"மண்ணு போடற நெலமைக்கு வந்தப்புறம் வாயப் பத்தி இன்னாத்துக்குப் பேஜாரு மொதலாளி? வேலூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி குடுங்க."

"சாயங்காலம்னு சொன்னேன்."

தணிகைவேல் யாரையும் கேட்கவில்லை. வெளியே போய் மேக்கப் சாமான் வந்த வேனை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். பாஷா பாய் அமிர்தவள்ளியை ஏற்றி, தானும் ஏறிக்கொண்டார். அவளுக்கு விஷயத்தின் கனம் பாதிதான் புரிந்திருந்தது போலும். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"அண்ணி, என் பங்க எடுத்து வை. நைட்டு வந்து சாப்பிடறேன்."

"எடுத்து வக்கறேன்டி. டாக்டர் கேட்டா முள்ளுன்னு சொல்லிடாத. தோல் கிடங்குன்னு சொல்லு. செத்த மாட்டுத் தோலுன்னு சொல்லு. கத்திச் சொல்லு!"

வேன் கேட்டைத் தாண்டும்வரை பூரணி சொல்லிக்கொண்டே பின்னால் ஓடினாள். திரும்பி வந்தபோது முதலாளி படியில் நின்றிருந்தார்.

"போய்ட்டாளா? சரி, நல்லபடியா வரட்டும். பூரணி, அவ எடத்துல நீ நில்லு. பொழுது சாயறதுக்குள்ள மிச்சக் கட்டு பூராவும் பிரிச்சு குழியில எறக்கிடணும்."

அந்த மனுஷனின் மூளையை மெச்சத்தான் வேண்டும். சுண்ணாம்புக் குழியில் இறங்கிவிட்டால் செத்த மாடு எது, அறுத்த மாடு எது என்று எந்த அதிகாரி வந்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கட்டைப் பிரிக்கப் போகிற பெண்கள் அத்தனை பேரின் கையும் அமிர்தவள்ளியின் கை ஆவதைப் பற்றி அவருக்கு என்ன வந்தது!

"நான் தொடமாட்டேன்," என்றாள் பூரணி. "யாரும் தொடமாட்டாங்க."

"அப்ப நாளையிலேந்து வராத. கேட்டாண்ட வேலைக்கு ஆளு நிக்குது. மேஸ்திரி! பக்கத்து டேனரி மூடிக் கெடக்குதே, அந்தப் பொம்பளைங்களக் கூட்டிட்டு வா."

மேஸ்திரி சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பாஷா பாயும் இல்லை. கிடங்கு வாசலை மறிப்பதா, அடித்துக்கொள்வதா என்று ஆளாளுக்குப் பேசினோம். அந்தப் பெண்களும் எங்கள் சொந்தபந்தம்தான், அவர்களை எப்படி அடிப்பது? அப்போது டைரக்டரின் அசிஸ்டென்ட் குரல் கொடுத்தான்.

"பொணமெல்லாம் வாங்க! லைட் போவுது, வந்து படுங்க!"

சாவுக்கு நடுவே கதாநாயகி ஓடிவருகிற காட்சி. அன்று சாயங்காலம் அவள் சென்னைக்குத் திரும்பியாக வேண்டும். அடுத்த ஷாட்டுக்காகக் களத்தின் குறுக்கே தண்டவாளம் மாதிரி கம்பி போட்டுக் காமிராவைத் தள்ள ஏற்பாடு செய்திருந்தார்கள். பூரணி எங்களைப் பார்த்தாள்.

"வாங்க, படுக்கலாம்," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கட் சொன்னா ஒருத்தரும் எழுந்திருக்காதீங்க."

படுத்துக்கொண்டே வாய்க்கு வாய் அந்தச் சேதி போனது. ஷாட் எடுத்தார்கள். கதாநாயகி எங்களைத் தாண்டித் தாண்டி ஓடினாள். டைரக்டர் "கட்!" என்றார். நாங்கள் அப்படியே கிடந்தோம்.

"பிரமாதம்! எல்லாரும் எழுந்திருங்க!"

ஒருவரும் அசையவில்லை. அசிஸ்டென்ட் என் தோளைத் தட்டினான்.

"அண்ணே, ஷாட் முடிஞ்சிடுச்சு."

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சு தம்பி."

கம்பியின் மேலேயே குறுக்காகப் படுத்திருந்தாள் பூரணி. பக்கத்தில் மற்றப் பெண்கள். காமிராவை ஒரு அடி தள்ள முடியாது. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு முதலாளியைக் கூப்பிட ஆள் விட்டார். வேதாசலம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். படுத்திருந்தபடி பார்த்தால் அவர் அவ்வளவு ஒன்றும் உயரமில்லை என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எழுந்திருங்கடா! இன்னா நாடகம் ஆடறீங்க?"

"நீங்கதான மொதலாளி நடிக்கச் சொன்னீங்க?" என்று எங்கிருந்தோ ஒரு பிணம் கேட்டது.

"போலீசக் கூப்பிடுவேன்!"

"கூப்பிடுங்க," என்றேன் நான். "பொணத்த இன்னா செக்ஷன்ல புடிப்பாங்கன்னு பாக்கலாம்."

களம் முழுக்கச் சிரிப்பு குலுங்கியது. இத்தனை வருஷம் அவர் சிரிக்கவைத்துச் சிரித்தோம். அன்று எங்கள் சிரிப்பை நாங்களே சிரித்தோம். அதன் ருசியே வேறு.

முதலாளி குரலை மாற்றினார். "பூரணி, உனக்கு இன்னா வேணும்? தனியா வந்து சொல்லு."

"தனியா வர்றதுக்கு எழுந்திருக்கணுமே," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "இப்பிடியே சொல்றேன். கிடங்கு பூட்டியே கெடக்கட்டும். ஒரு கட்டயும் யாரும் தொடக்கூடாது. கெவருமெண்டு டாக்டரு வந்து பாத்து, கொளுத்தச் சொன்னா கொளுத்தணும். இது வரைக்கும் தொட்டவங்க எல்லாருக்கும் வைத்தியம் பாக்கணும். அது முடியறவரைக்கும் கூலி ஓடணும்."

"முடியாதுன்னா?"

"போன தடவ செத்தவங்க யாரும் எழுந்து வந்து உங்களக் கேக்கல மொதலாளி. இந்தத் தடவ உயிரோட இருக்கறவங்க எழுந்திருக்க மாட்டோம்."

பரந்தாமன் கடிகாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார். "சார், என் ஆர்ட்டிஸ்ட் கிளம்பிடுவாங்க. எதாவது பேசி முடிங்க சார்." வெயிலைத் திருப்பிவிடும் தகரத்தகடுகளைப் பிடித்து நின்ற லைட்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் தகட்டைத் தரையில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் ஒரு சங்கம் இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி, பக்கத்து டேனரிப் பெண்களோடு கேட்டுக்குள் நுழைந்தான். முன்னால் வந்தவள் கோவிந்தம்மாள். தைமாதத்திலிருந்து அவர்கள் டேனரிக்குப் பூட்டு. அவள் வீட்டில் உலை வைப்பதே சந்தேகம் என்று ஊருக்கே தெரியும். முதலாளியின் முகத்தில் தெம்பு வந்துவிட்டது. கிடங்குச் சாவியை மேஸ்திரியிடம் வீசினார்.

"இவங்க ஷூட்டிங்ல கீறாங்கம்மா. நீங்க கிடங்குக்குப் போங்க. கூலி சேத்தே தர்றேன்."

மண்ணில் கிடந்த அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு கோவிந்தம்மாள் நின்றாள். இவள் உள்ளே போய்விட்டால் எல்லாம் போச்சு.

"இன்னாடி பூரணி, சினிமாவா இது?"

"இல்லக்கா. கிடங்குல அடைப்பான் கீது. அமிர்தாவ வேலூருக்குத் தூக்கினு போயிருக்காங்க. உனக்கு வேல வேணும்னா போ, நான் காலப் புடிச்சு இழுக்கமாட்டேன். ஆனா இன்னான்னு தெரிஞ்சுகினு போ. எங்க ஊட்டுக்காரருக்கு அத யாரும் சொல்லல."

"பொய்!" என்று கத்தினார் முதலாளி. "முள்ளு குத்துன புண்ணு!"

"அப்பிடின்னா நீங்க வந்து ஒரு கட்டு பிரிங்க மொதலாளி," என்றாள் கோவிந்தம்மாள். "நான் பின்னாலயே வர்றேன்."

வேதாசலம் கிடங்கைப் பார்த்தார். ஒரு அடி எடுத்துவைக்கவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம், அவர் எடுத்துவைக்கவே இல்லை.

வேலூரிலிருந்து இன்னும் சேதி வரவில்லை. அமிர்தவள்ளி பிழைப்பாளா, எங்களில் வேறு யாருக்காவது உள்ளே ஏறியிருக்கிறதா, போலீஸ் வருமா, நாளைக்கு அடுப்பு எரியுமா, எதுவும் தெரியாது. முதுகுக்குக் கீழே மண் காந்தியது. எறும்பு கடித்தது. ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் களத்தில் கிடந்த மாதிரி தைரியமாக நான் அதற்கு முன்னால் நின்றதுகூட இல்லை.

கோவிந்தம்மாள் சாவி வைத்திருந்த மேஸ்திரியைத் தாண்டி நடந்து வந்தாள். பின்னாலேயே அவளுடன் வந்த பெண்களும் வந்தார்கள். முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு பூரணிக்குப் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுடி," என்றாள். "நாங்க ஜாஸ்தி பேரு கீறோம்."